இடம் மாற்றிய சூரியக் கடிகாரத்தைச் சரிசெய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில சொற்களை முதலில் பேசி வைத்துக்கொள்வோம். கோடுகள் வரைந்த பலகை அல்லது உலோகத் தகடு "தட்டு". அதன்மேல் நிற்கும் முக்கோணத் துண்டு "முள்". முள்ளின் சாய்ந்த மேல்விளிம்புதான் நேரம் காட்டும் நிழலைத் தருகிறது, அது "சாய்விளிம்பு". தட்டில் உள்ளவை "மணிக்கோடுகள்". வேறாகச் சொல்லாத இடங்களில் எல்லாம், தரையில் கிடைமட்டமாக வைக்கும் தோட்டத்துக் கடிகாரத்தையே குறிப்பிடுகிறோம். இடமும் வட அரைக்கோளம் என்றே கொள்க.

வேறு ஊருக்குக் கொண்டுபோனால் கடிகாரம் ஏன் தப்பாகக் காட்டுகிறது?

சாய்விளிம்பு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் சூரியன் அதைச் சுற்றி மணிக்கு 15 பாகை என்ற ஒரே சீரில் நகரும். ஒரு மணிக்கு விழும் நிழல் ஜனவரியிலும் ஜூலையிலும் ஒரே கோட்டில் விழும். அச்சு தரையோடு செய்யும் கோணம் அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமம். 50 பாகைக்குச் செய்த முள்ளை 40 பாகையில் வைத்தால் அது வான துருவத்தை (பூமியின் அச்சை நீட்டினால் வானில் அது சுட்டும் புள்ளியை) தாண்டி 10 பாகை மேலே பார்க்கிறது.

கி.மு. 263இல் சிசிலியின் கட்டானியாவிலிருந்து போர்க்கொள்ளையாக ரோமுக்கு ஒரு சூரியக் கடிகாரம் வந்தது. இரண்டு ஊர்களுக்கும் அட்சரேகையில் ஏறத்தாழ நாலரைப் பாகை வித்தியாசம். சரிசெய்யாமலே பொது இடத்தில் நிறுத்தி, 99 ஆண்டுகள் அதை நம்பி நகரம் நடந்தது. இன்று தோட்டங்களில் நிற்கும் கடிகாரங்கள் பலவற்றின் கதையும் அதுதான்.

அப்படியானால் தட்டையே மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. ஒரு விதி மட்டும் நினைவில் இருந்தால் போதும், மற்ற எல்லாம் அதிலிருந்து வரும்: பழைய இடத்தில் தட்டு விண்வெளியில் எப்படிக் கிடந்ததோ, புது இடத்திலும் அதற்கு இணையாகக் கிடக்கட்டும். சூரியன் இருக்கும் தொலைவுக்கு நாம் சில ஆயிரம் கிலோமீட்டர் நகர்ந்தது ஒன்றுமே இல்லை. பழைய நிலைக்கு இணையாக வைத்த தட்டில் நிழல் முன்போலவே விழும், கோடு ஒன்றையும் தொட வேண்டாம்.

அட்சரேகை மாறியதற்குத் தட்டின் கீழ் ஓர் ஆப்பு. தீர்க்கரேகை மாறியதற்குச் சில நிமிடக் கூட்டல் அல்லது கழித்தல். வடக்கை மறுபடி சரியாகக் கண்டுபிடித்தல். வேலை இவ்வளவுதான்.

என் கடிகாரம் எந்த அட்சரேகைக்குச் செய்யப்பட்டது என்று எப்படித் தெரியும்?

எழுதியிருக்கும் எண்ணை நம்பாமல் அளந்து பாருங்கள். இரண்டு அளவுகள் தேவை.

முதலாவது, முள்ளின் கோணம். சாய்விளிம்பு தட்டோடு செய்யும் கோணத்தைக் கோணமானியால் அளக்கலாம். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் முள்ளின் செங்குத்து உயரத்தை அதன் அடிநீளத்தால் வகுத்து, வந்த எண்ணுக்குக் கால்குலேட்டரில் தலைகீழ் டேன் போடுங்கள்.

இரண்டாவது, 3 மணிக் கோடு. 12 மணிக் கோட்டுக்கும் 3 மணிக் கோட்டுக்கும் இடையே உள்ள கோணத்தை, சாய்விளிம்பு தட்டைத் தொடும் புள்ளியை மையமாக வைத்து அளக்கவும். மணிக்கோடுகளின் சூத்திரம் இது:

டேன்(கோட்டின் கோணம்) = சைன்(அட்சரேகை) × டேன்(நண்பகலிலிருந்து மணி × 15 பாகை)

3 மணிக்கு 45 பாகை. அதன் டேன் மதிப்பு 1. ஆகவே 3 மணிக் கோட்டின் கோணத்துக்கு டேன் எடுத்தால் கிடைப்பதே அட்சரேகையின் சைன். கோடு 37.5 பாகையில் இருந்தால் டேன் 0.767, தலைகீழ் சைன் போட்டால் 50.1 பாகை. 9 மணிக் கோட்டிலும் இதே அளவு வர வேண்டும்.

இரண்டு அளவுகளும் ஒரு பாகைக்குள் ஒத்துப்போனால் அது உண்மையான கடிகாரம். முள் 45, கோடு 52 என்று வந்தால் யாரோ முள்ளை மாற்றியிருக்கிறார்கள், அல்லது அழகுக்காக வார்த்த பொருள். அதே கையோடு 6 மணிக் கோடுகளையும் பாருங்கள்: காலை 6, மாலை 6 இரண்டும் ஒரே நேர்கோட்டில், 12 மணிக் கோட்டுக்குச் செங்குத்தாக, சாய்விளிம்பின் அடி வழியே போக வேண்டும். சுவர்க் கடிகாரம்போல் மணிக்கு 30 பாகை வீதம் எண்கள் போட்டிருந்தால் எந்த ஆப்பும் அதைக் காப்பாற்றாது. அதைத் தோட்ட அலங்காரமாக விட்டுவிடுவதே மரியாதை.

ஆப்பு எந்தப் பக்கம், எவ்வளவு உயரம்?

துருவத்தை நோக்கி நகர்ந்திருந்தால் (அட்சரேகை கூடியிருந்தால்) 12 மணி இருக்கும் வடக்குப் பக்கத்தை உயர்த்துங்கள். நிலநடுக்கோட்டை நோக்கி வந்திருந்தால் அதற்கு எதிரான தெற்குப் பக்கத்தை உயர்த்துங்கள். கோணம், இரண்டு அட்சரேகைகளின் வித்தியாசம். பழையதைக் கழிக்கும்போது ஊரின் அட்சரேகையை எடுக்காதீர்கள். மேலே அளந்து கண்ட அட்சரேகையை எடுங்கள். கடிகாரம் முன்பிருந்த ஊருக்கே சரியாகச் செய்யப்பட்டதாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

உயர்த்த வேண்டிய அளவு = தட்டின் வடக்கு–தெற்கு நீளம் × சைன்(வித்தியாசம்)

50.1 பாகைத் தட்டு, புது இடம் 43 பாகை, நீளம் 28 செ.மீ. வித்தியாசம் 7.1 பாகை, சைன் 0.1236. ஆக தெற்கு விளிம்பு 3.46 செ.மீ. உயர வேண்டும். தட்டு வட்டமாக இருந்தால் விட்டமே நீளம். ஆப்பு முழு நீளத்துக்கும் போகாமல் நடுவில் 20 செ.மீ.க்கு மட்டும் தாங்கினால் 28க்குப் பதில் அந்த 20ஐப் பெருக்க வேண்டும். இதில் தவறுகிறவர்கள் நிறைய.

செய்து முடித்ததும் சாய்விளிம்பின் மேல் சாய்வுமானியை வைத்துப் பாருங்கள். தரைமட்டத்திலிருந்து அது காட்டும் கோணம் புது இடத்தின் அட்சரேகையாக இருந்தால் ஆப்பு சரி. திசை மாற்றி ஆப்பு வைத்திருந்தால் பிழை இரட்டிப்பாகும். இந்தச் சோதனையில் உடனே தெரிந்துவிடும்.

ஆப்புக்குப் பதில் முள்ளை மட்டும் வளைத்துச் சாய்வைச் சரிசெய்யலாமே?

கூடாது. கோடுகளின் இடைவெளியும் அட்சரேகையைப் பொறுத்தது. 52 பாகைத் தட்டில் முள்ளை மட்டும் 40 பாகைக்கு வளைத்தால், 12 மணியும் 6 மணியும் சரியாக வரும். 3 மணிக்கு நிழல் ஏறத்தாழ 2:37 என்று காட்டும். ஆண்டு முழுவதும் அப்படியே. ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால் மார்ச் மாதத்தில் அதே 3 மணிக்குப் பிழை இரண்டரை நிமிடம்தான். சரிசெய்யப் போய்க் கெடுத்த கதை இது.

ஒன்றும் செய்யாமல் சமதளத்தில் வைத்தால் எவ்வளவு தப்பும்?

அதே 52 பாகைத் தட்டை 40 பாகையில் ஆப்பில்லாமல் வைத்துக் கணக்கிட்டால், சூரிய நேரம் பிற்பகல் 3 மணிக்கு:

ஜூன் 21ஐ ஒட்டி: சுமார் 18 நிமிடம் முந்திக் காட்டும்.
மார்ச், செப்டம்பர் சம இரவு நாட்களில்: இரண்டரை நிமிடம் முந்தும்.
டிசம்பர் 21ஐ ஒட்டி: சுமார் 11 நிமிடம் பிந்தும்.

காலை 9 மணிக்கு இதே அளவுகள் எதிர்த் திசையில். உச்சிப்பொழுதில் எந்த நாளும் பிழை இல்லை. மார்ச் மாத நண்பகலில் நிறுவிவிட்டு "சரியாக இருக்கிறது" என்று சான்று கொடுப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். சோதனையைக் காலை 9 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும், முடிந்தால் ஜூனில் ஒருமுறையும் டிசம்பரில் ஒருமுறையும் செய்யுங்கள்.

வடக்கைக் காண திசைகாட்டி போதாதா?

போதாது. திசைகாட்டி காட்டுவது காந்த வடக்கு. நமக்குத் தேவை உண்மை வடக்கு. இரண்டுக்கும் உள்ள காந்த விலக்கம் சில இடங்களில் ஒரு பாகைக்கும் குறைவு, சில இடங்களில் 15, 20 பாகை. அது ஆண்டுக்கு ஆண்டு மாறவும் செய்யும். போதாததற்குத் தூணுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி, பக்கத்து வேலி, கைபேசி உறையில் உள்ள காந்தம் எல்லாம் திசைகாட்டியின் ஊசியை இழுக்கும். தட்டைத் தோராயமாகத் திருப்பி வைக்க மட்டும் திசைகாட்டியைப் பயன்படுத்துங்கள்.

நம்பத்தக்க வழி, பழைய சங்கு முறை. வெயில் தொடர்ந்து அடிக்கும் இடத்தில் ஒரு பலகையை ரசமட்டம் வைத்துச் சமமாக்குங்கள். நடுவில் 30 செ.மீ. உயரமுள்ள கூர்நுனிக் கம்பியைத் தூக்குக்குண்டு பார்த்துச் செங்குத்தாக நடுங்கள். கம்பியின் அடியை மையமாக வைத்து 20, 28, 36 செ.மீ. ஆரங்களில் மூன்று வட்டங்கள் போடுங்கள். காலையில் நிழல்நுனி சுருங்கிக்கொண்டே வந்து ஒவ்வொரு வட்டத்தையும் வெட்டும் புள்ளியைக் குறியுங்கள். பிற்பகலில் நுனி வெளியே போகும்போது மறுபடி வெட்டும் புள்ளியைக் குறியுங்கள். ஒரே வட்டத்தின் இரண்டு புள்ளிகளை இணைத்தால் கிழக்கு–மேற்குக் கோடு. அதன் நடுப்புள்ளியையும் கம்பியின் அடியையும் இணைத்தால் வடக்கு–தெற்குக் கோடு. மூன்று வட்டங்கள் எதற்கென்றால், பிற்பகலில் மேகம் வந்து ஒன்றைக் கெடுத்தாலும் மற்றது இருக்கும். மூன்றும் கிடைத்தால் ஒன்றை ஒன்று சரிபார்க்கும். பலகை அசையவே கூடாது. இந்த முறைக்குக் கடிகாரமும் வேண்டாம், கணக்கும் வேண்டாம்.

உச்சிப்பொழுதில் தூக்குக்குண்டு நூலின் நிழலைக் குறித்தால்?

அதுவும் சரியான வழிதான். ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்த இடத்தின் உச்சிப்பொழுது கைக்கடிகாரத்தில் எத்தனை மணிக்கு வருகிறது என்று கணக்கிட்டுவிட வேண்டும்:

உச்சிப்பொழுது = 12:00 + தீர்க்கரேகைத் திருத்தம் − நேரச் சமன்பாடு

(இரண்டும் என்ன என்பது கீழே வரும்.) நேர மண்டலத்தின் நடுக்கோடு 30 பாகை கிழக்கு, உங்கள் இடம் 26 பாகை கிழக்கு என்றால் தீர்க்கரேகைத் திருத்தம் 16 நிமிடம். நவம்பர் 3 அன்று நேரச் சமன்பாடு +16 நிமிடம் 25 வினாடி, உச்சிப்பொழுது 11:59:35. பிப்ரவரி 11 அன்று −14 நிமிடம் 15 வினாடி, உச்சிப்பொழுது 12:30:15. ஒரே இடத்தில் அரை மணி வித்தியாசம்.

வெப்ப மண்டலத்தில் சூரியன் தலைக்கு நேர் மேலே வரும் வாரங்களில் இந்த முறை வேண்டாம். நிழல் குட்டையாகி, திசை நொடிக்கு நொடி ஓடும். சங்கு முறையே அங்கு மேல்.

கைக்கடிகாரத்தைப் பார்த்து, நிழல் சரியான மணிக்கு வரும்வரை தட்டைச் சுழற்றினால் போதாதா?

சாய்வும் சமமட்டமும் ஏற்கெனவே சரியாக இருந்தால் நடுத்தர, உயர் அட்சரேகைகளில் இது வேலை செய்யும். 40 பாகையில் சம இரவு நாளில் தட்டு ஒரு பாகை திரும்பினால் நிழல் 2.6 நிமிடம் நகரும், எனவே பிழை கண்ணுக்குத் தெரியும்.

10 பாகையில் நிலைமை வேறு. ஒரு பாகை திருப்பினால் 0.7 நிமிடம்தான் மாறும். நிழலை வாசிப்பதில் 2 நிமிடம் தவறினால் தட்டு 3 பாகை கோணலாக நிற்கும். அந்தக் கோணல் டிசம்பர் நண்பகலில் 7 நிமிடப் பிழையாக எழுந்து நிற்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பவர்கள் வடக்கைத் தனியாகக் கண்டுபிடித்துவிட்டே தட்டை வைக்க வேண்டும்.

சமமட்டத்துக்கு இது தலைகீழ். கிழக்கு–மேற்காக ஒரு பாகை சரிந்திருந்தால் 10 பாகையில் ஏறத்தாழ 4 நிமிடம் தப்பும், 60 பாகையில் சம இரவு நாளின் நண்பகலில் 2 நிமிடம். துருவப் பக்கம் இருப்பவர் திசையில் கவனம் வைக்கட்டும், நிலநடுக்கோட்டுப் பக்கம் இருப்பவர் ரசமட்டத்தில் கவனம் வைக்கட்டும்.

தீர்க்கரேகைத் திருத்தம் என்றால்?

சூரியன் ஒரு தீர்க்கரேகைப் பாகையைக் கடக்க 4 நிமிடம் எடுக்கிறது. சட்டப்படியான நேரம் ஒரு நடுக்கோட்டை வைத்துக் கணக்கிடப்படுகிறது. உலக நேரத்திலிருந்து உள்ள மணி வித்தியாசத்தை 15ஆல் பெருக்கினால் அந்தக் கோடு கிடைக்கும்: +2 என்றால் 30 பாகை கிழக்கு, +5:30 என்றால் 82.5 பாகை கிழக்கு, −5 என்றால் 75 பாகை மேற்கு. அந்தக் கோட்டுக்கு மேற்கே இருந்தால் சூரியன் தாமதமாக வருகிறது. பாகைக்கு 4 நிமிடம் கூட்டுங்கள். கிழக்கே இருந்தால் கழியுங்கள். கோடை நேரம் அமலில் உள்ள நாடுகளில் அந்த மாதங்களில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கூட்ட வேண்டும்.

அந்த நிமிடங்களுக்காகத் தட்டையே கொஞ்சம் திருப்பிவிடலாமா?

செங்குத்து அச்சைச் சுற்றித் திருப்பினால் எல்லாமே கெடும்: சாய்விளிம்பு துருவத்தை விட்டு விலகி, காலை ஒரு பிழை, மாலை ஒரு பிழை, மாதத்துக்கு ஒரு பிழை என்று ஆகிவிடும். தட்டு, முள் இரண்டையும் சேர்த்துச் சாய்விளிம்பையே அச்சாகக் கொண்டு சுழற்றினால் மட்டும் எல்லா மணிகளும் ஒரே அளவு நகரும். கொள்கைப்படி இது முற்றிலும் சரி. ஆனால் கிடைமட்டத் தட்டு அப்போது பக்கவாட்டிலும் சரிந்து நிற்கும். அதற்கு இரண்டு திசையிலும் சாய்ந்த ஆப்பு வெட்ட வேண்டும். எங்கள் கருத்தில் அந்த உழைப்புக்குப் பலன் குறைவு. "16 நிமிடம் கூட்டவும்" என்று ஒரு சிறு தகட்டில் பொறித்துத் தூணில் பதிப்பது நேர்மையான, மலிவான வழி.

நடுவரை வளையக் கடிகாரமானால் (நிலநடுக்கோட்டுத் தளத்துக்கு இணையாகச் சாய்ந்த வளையத்தில் எண்கள் சம இடைவெளியில் இருக்கும் வகை) கதையே வேறு. எண்கள் உள்ள வளையத்தை 4 நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம் நகர்த்தினால் முடிந்தது.

நேரச் சமன்பாடு இடத்துக்கு இடம் மாறுமா?

மாறாது. சூரியக் கடிகாரத்தின் நேரத்துக்கும் சீராக ஓடும் கடிகாரத்தின் நேரத்துக்கும் இடையே நாளுக்கு நாள் மாறும் வித்தியாசமே நேரச் சமன்பாடு. பூமியின் பாதை நீள்வட்டமாக இருப்பதாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும் வருவது அது. உலகம் முழுவதற்கும் ஒன்றே. பழைய இடத்து அட்டவணை இருந்தால் அப்படியே வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால், நிமிடங்களில்:

ஜனவரி 1: −3, ஜனவரி 15: −9, பிப்ரவரி 11: −14, மார்ச் 15: −9, ஏப்ரல் 1: −4, ஏப்ரல் 15: 0, மே 14: +3.7; ஜூன் 13: 0; ஜூலை 26: −6.5, ஆகஸ்ட் 15: −4.5, செப்டம்பர் 1: 0, செப்டம்பர் 15: +5, அக்டோபர் 1: +10, நவம்பர் 3: +16.4, டிசம்பர் 1: +11, டிசம்பர் 15: +5, டிசம்பர் 25: 0.

கூட்டல் குறி என்றால் சூரியக் கடிகாரம் முந்துகிறது, அந்த நிமிடங்களைக் கழியுங்கள். சில அட்டவணைகளில் குறிகள் தலைகீழாக இருக்கும். நவம்பர் தொடக்கத்துக்கு என்ன குறி போட்டிருக்கிறது என்று பார்த்தால் எந்த வழக்கம் என்று தெரிந்துவிடும்.

பழைய தட்டில் "10 நிமிடம் கூட்டவும்" என்று பொறித்திருக்கிறது, அல்லது 12 மணிக் கோடு முள்ளுக்கு நேராக இல்லை. என்ன செய்வது?

பொறித்தது பழைய இடத்தின் தீர்க்கரேகைத் திருத்தம். மறைத்துவிட்டுப் புதிதாகக் கணக்கிடுங்கள். 12 மணிக் கோடு முள்ளின் அடியை விட்டு விலகியிருந்தால் அந்தத் திருத்தத்தைக் கோடுகளுக்குள்ளேயே வரைந்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட தட்டில் வடக்கு நோக்க வேண்டியது முள். 12 மணிக் கோடு அல்ல. 3 மணிக் கோட்டை வைத்து அட்சரேகை காணும் வழியும் இதற்குப் பொருந்தாது, முள்ளின் கோணத்தையே நம்ப வேண்டும்.

அட்சரேகை வித்தியாசம் அதிகமானாலும் ஆப்பு வேலை செய்யுமா?

கணக்குப்படி எந்த வித்தியாசத்துக்கும் செய்யும். ஆனால் சரிந்த தட்டின்மேல் வெயில் படுவது, பழைய இடத்தின் தொடுவானத்துக்கு மேலே சூரியன் இருக்கும்வரைதான். 50 பாகைத் தட்டை 15 பாகைக்குக் கொண்டுவந்து 35 பாகை ஆப்பில் நிறுத்துகிறோம் என்று வையுங்கள். டிசம்பர் 21 அன்று அங்கே சூரிய நேரப்படி 6:27க்கு விடிந்து 17:33க்கு அடையும். தட்டிலோ 8:04 முதல் 15:56 வரைதான் நிழல் இருக்கும். காலையில் ஒன்றரை மணி, மாலையில் ஒன்றரை மணி போயிற்று.

15 பாகைக்கு மேல் வித்தியாசம் என்றால் புதுத் தட்டு வரைவதே நல்லது.

புதுத் தட்டு எப்படி வரைவது?

மேலே தந்த சூத்திரம் போதும். 20 பாகைக்கு (சைன் 0.342) 12 மணிக் கோட்டிலிருந்து கோணங்கள்: 11 மணியும் 1 மணியும் 5.2 பாகை, 10, 2 மணிக்கு 11.2, 9, 3 மணிக்கு 18.9, 8, 4 மணிக்கு 30.6, 7, 5 மணிக்கு 51.9, 6 மணிக்கு 90. முள்ளுக்கு அடிநீளம் 15 செ.மீ. எடுத்தால் உயரம் 15 × டேன் 20 = 5.46 செ.மீ.

தீர்க்கரேகைத் திருத்தத்தையும் கோட்டிலேயே சேர்க்க வேண்டுமென்றால், நடுக்கோட்டுக்கு 4 பாகை மேற்கே உள்ள இடத்தில் ஒவ்வொரு மணிக்கோணத்திலிருந்தும் 4ஐக் கழித்துவிட்டுச் சூத்திரத்தில் போடுங்கள். 3 மணிக்கு 45க்குப் பதில் 41, கோடு 18.9 பாகையிலிருந்து 16.6க்கு வரும். 12 மணிக் கோடு முள்ளிலிருந்து 1.4 பாகை காலைப் பக்கம் விலகும்.

முள்ளுக்குத் தடிமன் உண்டு என்பதை மறந்தால் முழு உழைப்பும் வீண். 6 மி.மீ. தடிமன் என்றால் நண்பகலில் 6 மி.மீ. இடைவெளி விட்டு இரண்டு இணைகோடுகள் வரையவும். காலை 6 முதல் 12 வரையான கோடுகள் மேற்கு விளிம்பின் அடியிலிருந்து, 12 முதல் மாலை 6 வரையானவை கிழக்கு விளிம்பின் அடியிலிருந்து கிளம்ப வேண்டும்.

நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் கிடைமட்டத் தட்டே பொருத்தமில்லாதது. 10 பாகையில் 11 மணிக் கோடு நண்பகலிலிருந்து 2.7 பாகைதான் விலகி நிற்கும் (50 பாகையில் 11.6). கோடுகள் நெருக்கியடித்து, முள்ளும் தரையோடு படுத்துவிடும். அங்கு நடுவரை வளையக் கடிகாரம் செய்யுங்கள்.

தென் அரைக்கோளத்துக்குக் கொண்டுபோனால்?

அங்கே கிடைமட்டத் தட்டில் நிழல் இடஞ்சுழியாகப் போகும், முள் தெற்கே நிமிர்ந்து நிற்கும். வடக்கத்தித் தட்டைத் தரையில் வைத்து முள்ளைத் தெற்கே திருப்பினால் எண்கள் தலைகீழாக ஓடும்.

ஆனால் இணைவிதியைப் பிடித்துக்கொண்டு போனால் ஓர் அழகான வழி கிடைக்கிறது. 50 பாகை வடக்குக்குச் செய்த கிடைமட்டத் தட்டு, 40 பாகை தெற்கில் வடக்கு நோக்கிய சுவரில் 12 மணி கீழே வரும்படி மாட்டினால் ஒரு கோடும் மாறாமல் சரியாக ஓடும். இரண்டு அட்சரேகைகளையும் கூட்டினால் 90 வர வேண்டும், அவ்வளவுதான். 88 அல்லது 93 வந்தால் மிச்சத்தை ஒரு சின்ன ஆப்பு பார்த்துக்கொள்ளும்.

சுவரில் மாட்டிய சூரியக் கடிகாரத்தை எப்படிச் சரிசெய்வது?

நேர் தெற்கு நோக்கிய தட்டு என்றால் அதே கணக்கு. அட்சரேகை குறைந்தால் தட்டு கொஞ்சம் வானத்தைப் பார்க்கச் சாய வேண்டும், அதாவது அடிவிளிம்பு சுவரைவிட்டு முன்னே வர வேண்டும். கூடினால் மேல்விளிம்பு முன்னே. 30 செ.மீ. தட்டுக்கு 4 பாகை என்றால் 2.1 செ.மீ. புதுச் சுவர் நேர் தெற்கு நோக்கவில்லை என்றால் பக்கவாட்டிலும் ஆப்பு வேண்டும். ஒரு பக்கமாகத் திரும்பிய சுவருக்கென்றே வரைந்த தட்டை வேறு சுவருக்குப் பொருத்துவது எளிதல்ல, புதிதாக வரையுங்கள்.

மற்ற வகைகள்?

கோளவளையக் கடிகாரம் (பல வளையங்களைக் கோளம்போல் கோத்து, நடுவே அச்சுக்கம்பி வைத்தது), நடுவரை வளையம் ஆகியவற்றுக்கு அச்சின் சாய்வை மாற்றினால் போதும். பெரும்பாலும் அதற்கென்றே ஒரு திருகு இருக்கும்.

ஆள் நின்று தன் நிழலால் நேரம் பார்க்கும் நீள்வட்டக் கடிகாரத்தை ஆப்பு வைத்துச் சாய்க்க முடியாது. சிற்றச்சின் அளவு = பேரச்சு × சைன்(அட்சரேகை). பேரச்சில் பாதி 3 மீட்டர், அட்சரேகை 20 பாகை என்றால் சிற்றச்சில் பாதி 1.03 மீட்டர், நடுவில் உள்ள மாத அளவுகோல் ஜூன் 21க்கும் டிசம்பர் 21க்கும் மையத்திலிருந்து 1.22 மீட்டர் தள்ளிப் போகும். இரண்டையும் புதிதாக வரைய வேண்டும்.

சூரியனின் உயரத்தை மட்டும் வைத்து நேரம் சொல்லும் இடையர் உருளைக் கடிகாரத்துக்கு வளைகோடுகளே அட்சரேகைப்படி வரைந்தவை. வேறு தாள் ஒட்டுவதைத் தவிர வழியில்லை.

தட்டில் மாதக் கோடுகளும் சூரிய உதயத்திலிருந்து எண்ணும் மணிக்கோடுகளும் இருக்கின்றன. அவை ஆப்பில் சரியாகுமா?

மாதக் கோடுகள் சரியாகும். உதயம், அஸ்தமனம் சார்ந்த கோடுகள் ஆகா. அவை பழைய இடத்தின் உதயத்தையே காட்டிக்கொண்டிருக்கும்.

நிறுவிய பிறகும் தப்பாகக் காட்டுகிறது. காரணத்தை எப்படிப் பிடிப்பது?

ஒரே நாளில் 9, 12, 3 மணிக்கு வாசித்து, திருத்தங்களைச் சேர்த்து எழுதுங்கள்.

மூன்றிலும் ஒரே பிழை என்றால் தட்டில் குறையில்லை. தீர்க்கரேகை, நேரச் சமன்பாட்டின் குறி, கோடை நேரம் ஆகியவற்றில் ஒன்றைத் தவறவிட்டிருக்கிறீர்கள். 12 சரியாக இருந்து, 9இலும் 3இலும் எதிரெதிர்ப் பிழை வந்து, அது மாதத்தோடு மாறினால் சாய்வு தப்பு. ஜூனில் காலை பிந்தி மாலை முந்தினால் சாய்விளிம்பு அதிகம் நிமிர்ந்திருக்கிறது. அதே எதிரெதிர்ப் பிழை ஆண்டு முழுவதும் மாறாமல் இருந்தால் முள்ளும் கோடுகளும் ஒன்றுக்கொன்று சேராதவை. 12 மணியிலேயே பிழை, 9க்கும் 3க்கும் பொருந்தாத அளவு என்றால் திசை அல்லது கிழக்கு–மேற்குச் சமமட்டம். சமமட்டத்தை முதலில் பாருங்கள், அது எளிது.

ஒன்றிரண்டு நிமிடத்துக்காக மல்லுக்கட்ட வேண்டாம். சூரிய வட்டத்தின் அகலமே அரைப் பாகை, அதாவது 2 நிமிடம். நிழலின் ஓரம் அதற்குத் தக்கபடி மங்கித்தான் தெரியும்.

ஆப்பை எதில் செய்வது, எப்போது நிரந்தரமாகப் பொருத்துவது?

முதலில் அட்டை அல்லது ஒட்டுப்பலகையில் ஒரு மாதிரி வெட்டிச் சோதியுங்கள். நிரந்தர ஆப்புக்குக் கல், பித்தளை, துருப்பிடிக்காத எஃகு ஏற்றவை. மரம் மழையில் ஊதி வெயிலில் சுருங்கி, நாளடைவில் கோணலாகிவிடும். பித்தளைத் தட்டின் கீழ் சாதாரண இரும்புத் திருகு போட்டால் திருகு சீக்கிரம் அரித்துப்போகும். தட்டுக்கும் ஆப்புக்கும் இடையே நீர் தேங்காமல் வடிய வழி விடுங்கள். ஆப்பு தூணின்மேல் மூன்று புள்ளிகளில் தாங்கும்படி இருந்தால் மெல்லிய தகட்டுத் துண்டுகளைச் செருகிச் சமமட்டம் பார்ப்பது எளிது. நான்கு புள்ளிகளில் ஒன்று எப்போதும் ஆடும்.

போல்ட் துளைகளை வட்டமாகத் துளைக்காமல் வளைந்த நீள்துளைகளாக்கி, இரு பக்கமும் ஐந்து பாகை திருப்ப இடம் வையுங்கள். காலை, நண்பகல், பிற்பகல் வாசிப்புகள் இரண்டு வாரம் ஒத்துப்போன பிறகு இறுக்குங்கள். சிமெண்டோ பசையோ போடுவதாக இருந்தால் அடுத்த ஜூன் அல்லது டிசம்பர் சோதனை முடியும்வரை காத்திருங்கள்.